வீட்டு விளக்குகளை எல்இடிக்கு மாற்றுவது எப்படி: கணக்கு முதல் சோக், டிம்மர் வரை

எல்இடிக்கு மாறியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் மூன்றுதான்: வெளிச்சம் பத்தவில்லை, பல்பு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, கரண்ட் பில் குறையவில்லை. மூன்றையும் வாங்குவதற்கு முன்பே தவிர்த்துவிடலாம். வெளிச்சம் பத்தாமல் போவது வாட்ஸை மட்டும் பார்த்து வாங்குவதால். பல்பு சீக்கிரம் போவது காற்றுப் புகாத கூண்டுக்குள் மாட்டுவதாலோ, ஒத்துப்போகாத டிம்மரோடும் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) டிரான்ஸ்ஃபார்மரோடும் சேர்ப்பதாலோ. பில் குறையாதது, நாளுக்குப் பத்து நிமிடம் எரியும் விளக்கை முதலில் மாற்றிவிட்டு ஆறு மணி நேரம் எரிவதை அப்படியே விட்டுவைப்பதால்.

எல்இடி பல்புக்குள் முக்கியமான பாகங்கள் இரண்டு. வெளிச்சம் தரும் சில்லுகள் ஒன்று. வீட்டு மின்சாரத்தை அந்தச் சில்லுகளுக்கு ஏற்ற டிசியாக மாற்றித் தரும் டிரைவர் இன்னொன்று. பழுதாவது அநேகமாக டிரைவர்தான். கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதி அதைக் காப்பாற்றுவதற்கானவை.

1. பேப்பர், பேனாவோடு அறை அறையாகப் போங்கள்

ஒவ்வொரு விளக்குக்கும் ஐந்து விவரம் எழுதுங்கள்: என்ன வகை (குண்டு பல்பு, ஹாலோஜன், சிஎஃப்எல், டியூப் லைட்), எத்தனை வாட்ஸ், எந்த ஹோல்டர், நாளுக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது, கூண்டு மூடியதா திறந்ததா. அந்த விளக்குக்கு டிம்மர் இருந்தாலோ, சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் எரிந்தாலோ, சீலிங்குக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தாலோ பக்கத்தில் குறித்துவையுங்கள். இந்த மூன்றும்தான் பின்னால் தொல்லை தருபவை.

வாட்ஸ், பல்பின் உச்சியிலோ கழுத்திலோ அச்சாகியிருக்கும். டியூப் லைட்டில் மட்டும் அச்சில் இருப்பது முழுக்கணக்கு அல்ல. டியூபைத் தாங்கும் பட்டிக்குள் கனமான பழைய இரும்புச் சோக் (டியூபுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) இருந்தால், 36 வாட்ஸ் டியூப் மொத்தத்தில் ஏறக்குறைய 45 வாட்ஸ் இழுக்கும். சோக்கே சூடாகி எட்டுப் பத்து வாட்ஸ் தின்கிறது.

ஹோல்டரின் பெயரில் வரும் எண் மில்லிமீட்டர் அளவு. அழுத்தித் திருப்பும் பின் வகை பி22. திருகு வகை இ27, அதில் ஒல்லியானது இ14. சீலிங்கில் பதித்த சின்ன விளக்குகளில் ஜியு10 வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும். ஊசிபோல் இரண்டு பின் கொண்ட ஜியு5.3 பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்க முடியாது. சந்தேகம் இருந்தால் பழைய பல்பைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

2. எதை முதலில் மாற்றுவது என்பதைக் கணக்கு சொல்லும்

சூத்திரம் ஒன்றுதான். மிச்சமாகும் வாட்ஸை நாளுக்கு எரியும் மணியால் பெருக்கி, 365ஆல் பெருக்கி, 1,000ஆல் வகுத்தால் ஆண்டுக்கு எத்தனை யூனிட் மிச்சம் என்று வரும்.

60 வாட்ஸ் குண்டு பல்பை 9 வாட்ஸ் எல்இடியாக மாற்றினால் மிச்சம் 51 வாட்ஸ். நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 93 யூனிட். அதே பல்பு அரை மணி நேரமே எரியும் குளியலறையில் இருந்தால் வெறும் 9 யூனிட். இரும்புச் சோக்கோடு 45 வாட்ஸ் இழுக்கும் டியூபுக்குப் பதில் 20 வாட்ஸ் எல்இடி டியூப் போட்டால், 5 மணி நேரக் கணக்கில் 46 யூனிட் அளவு. 15 வாட்ஸ் சிஎஃப்எல்லை 9 வாட்ஸ் எல்இடியாக மாற்றினால் அதே 5 மணி நேரத்துக்கு 11 யூனிட்தான்.

ஆகவே வரிசை தெளிவு: அதிக நேரம் எரியும் குண்டு பல்பும் ஹாலோஜனும் முதலில், அடுத்து இரும்புச் சோக் டியூப்கள், கடைசியில் சிஎஃப்எல். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் சிஎஃப்எல்லை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம், அது போனதும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டோர் ரூம் பல்பு பட்டியலின் கடைசியில் இருக்கட்டும்.

போட்ட காசு எப்போது திரும்பும் என்று பார்க்க, புதிய விளக்கின் விலையை மாதம் மிச்சமாகும் யூனிட்டின் மதிப்பால் வகுங்கள். இங்கே பலர் சறுக்குவார்கள். மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து ஒரு யூனிட் விலை எடுத்தால் தப்பான எண் வரும், ஏனென்றால் நிலையான கட்டணம் விளக்கை மாற்றினாலும் குறையாது. மறுபக்கம், பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் முறையில் பில் வந்தால், நீங்கள் மிச்சப்படுத்துவது மேல்தட்டு யூனிட்டை. பில்லில் கடைசித் தட்டுக்கு என்ன விலை போட்டிருக்கிறதோ அதைக் கொண்டு கணக்குப் போடுங்கள்.

உங்கள் மின் மீட்டர் டிஜிட்டல் என்றால், ஒரு விளக்கு உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று அதிலேயே அளக்கலாம். மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். உதாரணமாக 3,200 என்று இருந்தால், இரண்டு சிமிட்டலுக்கு இடைப்பட்ட நொடியால் 1,125ஐ வகுத்தால் வாட்ஸ் கிடைக்கும். வேறு எண்ணாக இருந்தால் 36,00,000ஐ அந்த எண்ணால் வகுத்து, வருவதை 1,125க்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு டியூப் லைட்டை எரியவிட்டுக் கடிகாரத்தோடு நில்லுங்கள். 25 நொடிக்கு ஒரு சிமிட்டல் வந்தால் அது 45 வாட்ஸ். 9 வாட்ஸ் பல்புக்கு இரண்டு நிமிடத்துக்குமேல் காத்திருக்க வேண்டும், ஆகவே நாலைந்து விளக்கைச் சேர்த்து அளப்பது நல்லது. எல்லாம் அணைத்த பிறகும் சிமிட்டல் நிற்காவிட்டால் ஏதோ ஒரு சாதனம் ஸ்டாண்ட்பையில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகு அளவுக்கு வாருங்கள்.

3. வாட்ஸைப் பார்க்காதீர்கள், லூமெனைப் பாருங்கள்

வாட்ஸ் என்பது தின்னும் மின்சாரம். வெளிச்சத்தின் அளவு லூமென். 9 வாட்ஸ் என்று எழுதிய இரண்டு பல்புகளில் ஒன்று 720 லூமெனும் இன்னொன்று 950 லூமெனும் தரலாம். பெட்டியின் முகப்பில் பெரிதாக இருக்கும் ‘இத்தனை வாட்ஸ் பல்புக்குச் சமம்’ என்ற வரியைவிடப் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் லூமென் எண்ணை நம்புங்கள். அது இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

குண்டு பல்புக்கு ஈடு பார்க்க: 40 வாட்ஸுக்கு 450 லூமென், 60க்கு 800, 75க்கு 1,100, 100க்கு 1,500 முதல் 1,600 வரை. நல்ல எல்இடி ஒரு வாட்ஸுக்கு 90 முதல் 110 லூமென் தரும். 80க்குக் கீழே வந்தால் வேறு மாடல் தேடலாம்.

புதிய அறைக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியாவிட்டால் இப்படிப் பாருங்கள். புழங்கும் அறைக்குச் சராசரி 150 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) போதும். 12 சதுர மீட்டர் அறை என்றால் 1,800 லூமென் தரையில் விழ வேண்டும். சுவரும் சீலிங்கும் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதால் 0.6ஆல் வகுத்தால் 3,000 லூமென். ஒரு 20 வாட்ஸ் எல்இடி டியூபும் ஒரு 9 வாட்ஸ் பல்பும் சேர்ந்து இதை எட்டிவிடும். சுவர் அடர்நிறம் என்றால் 0.4ஆல் வகுங்கள், தேவை 4,500 ஆகிவிடும்.

படிக்கிற மேசை, காய் நறுக்கும் மேடை, தையல் மெஷின் இவற்றுக்கு 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். அதற்காக அறை முழுவதையும் பளிச்சென்று ஆக்காதீர்கள். அந்த இடத்துக்கு மேலே மட்டும் ஒரு சின்ன விளக்கு போடுவதே சிக்கனம், கண்ணுக்கும் சுகம்.

4. பெட்டியின் பின்பக்கம்

நிறம் கெல்வினில் இருக்கும். 2,700 என்பது குண்டு பல்பின் மஞ்சள். 4,000 நடுநிலை வெள்ளை. 6,500 நீலம் கலந்த வெள்ளை. படுக்கையறைக்கு 2,700 அல்லது 3,000, சமையலறைக்கும் படிக்கும் இடத்துக்கும் 4,000 என்பது என் பரிந்துரை. 6,500 கடையில் பளிச்சென்று தெரியும். இரவு நேரத்தில் வீட்டில் மணிக்கணக்காக அதன் கீழ் உட்கார்ந்தால் பலருக்கு உறுத்தும். ஒரே அறைக்கு வாங்கும் பல்புகள் ஒரே மாடலாக, ஒரே நாளில் வாங்கியவையாக இருக்கட்டும். ஒரே எண் போட்டிருந்தாலும் வேறு வேறு மாடல்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறம் மாறித் தெரியும்.

சிஆர்ஐ என்பது பொருளின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரிகிறது என்பதன் அளவு. 80 குறைந்தபட்சம். கண்ணாடி முன்னாலும் சமையல் மேடைக்கு மேலும் 90 உள்ளதாகப் போடுங்கள். விலை கூடும். ஆனால் தக்காளியின் சிவப்பும் தோலின் நிறமும் வெளிறிப் போகாமல் தெரியும்.

உங்கள் பகுதியில் வோல்டேஜ் ஏறி இறங்கும் என்றால், பெட்டியில் எழுதியிருக்கும் வோல்டேஜ் வரம்பு அகலமாக இருக்க வேண்டும், சர்ஜ் பாதுகாப்பு (திடீர் வோல்டேஜ் பாய்ச்சலைத் தாங்கும் திறன்) 2.5 கிலோவோல்ட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்னோட்டத்தில் எவ்வளவு உண்மையில் பயன்படுகிறது என்பதன் அளவு) 0.9க்கு மேல் இருப்பவற்றின் டிரைவர் சாதாரணமாக மலிவு மாடல்களைவிடக் கவனமாகச் செய்யப்பட்டிருக்கும். வீட்டுப் பில்லில் பவர் ஃபேக்டரால் நேரடி லாபம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆயுள் 25,000 மணி என்று போட்டிருந்தால், பொதுவாக அதன் பொருள் அந்த நேரத்தில் வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும் என்பது. நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் கிட்டத்தட்ட பதின்மூன்றரை வருடம். 15,000 மணி என்றால் எட்டு வருடம். இந்த எண் சில்லுக்குத்தான் உண்மையில் பொருந்தும். டிரைவர் அதுவரை இருக்குமா என்பதை வாரண்டி எத்தனை வருடம் என்பதைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும். 25,000 மணி என்று எழுதிவிட்டு ஒரு வருட வாரண்டி மட்டும் தரும் பல்பைவிட, 15,000 என்று எழுதி மூன்று வருடம் தருவதை நான் எடுப்பேன்.

5. மொத்தமாக வாங்காமல் ஒவ்வொன்றில் ஒன்று

ஒவ்வொரு வகையிலும் ஒன்று மட்டும் வாங்கி, எங்கே போடப் போகிறீர்களோ அங்கேயே ஒரு வாரம் எரியவிடுங்கள். நிறம் பிடிக்கிறதா, நிழல் எங்கே விழுகிறது, கூண்டுக்குள் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். எல்இடி பல்பின் கழுத்து தடிமனாக இருப்பதால் சில பழைய ஷேடுகளில் உள்ளேயே போகாது. அடிப்பாகம் முழுக்க பிளாஸ்டிக்காக உள்ள பல்பு வெளிச்சத்தை முன்பக்கம் மட்டுமே வீசும். நிமிர்ந்து நிற்கும் மேசை விளக்கில் மாட்டினால் கீழே புத்தகம் இருட்டாக இருக்கும். அந்த மாதிரி இடத்துக்கு எல்லாப் பக்கமும் வீசும் ஃபிலமென்ட் வடிவ எல்இடி வாங்குங்கள்.

சிமிட்டலையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மலிவான டிரைவர்களில் வெளிச்சம் நொடிக்கு 100 அல்லது 120 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, தலைவலியாகவோ அசதியாகவோ சிலருக்குத் தெரியும். செல்போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து, அந்த விளக்கின் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். சுவர் துடித்தாலோ பட்டை பட்டையாகக் கறுப்பு ஓடினாலோ அந்த மாடலைப் படிக்கும் அறைக்கு எடுக்காதீர்கள்.

6. பல்பை மாட்டும்போது ஹோல்டரைப் பாருங்கள்

மெயினை அணையுங்கள், பல்பு ஆறட்டும். பழையதைக் கழற்றியதும் டார்ச் அடித்து ஹோல்டருக்குள் பாருங்கள். வருடக்கணக்கில் 100 வாட்ஸ் குண்டு பல்பு எரிந்த ஹோல்டரில், ஸ்பிரிங் பின்கள் கறுத்துப்போயிருக்கும், பேக்கலைட் மொறுமொறுப்பாகி ஓரம் உதிரும், உள்ளே வரும் ஒயரின் ரப்பர் விரிசல் விட்டிருக்கும். இதில் புது எல்இடியை மாட்டினால் தொடர்பு விட்டு விட்டு வரும்; அந்தத் தீப்பொறியே டிரைவரைக் கொன்றுவிடும். ஹோல்டரை மாற்றுவது மலிவு வேலை. இப்படி எத்தனை இருக்கிறது என்று எண்ணி, டியூப் லைட் வேலையோடு சேர்த்து எலக்ட்ரீஷியனை ஒரே தடவை கூப்பிடுங்கள். தனித்தனியாகக் கூப்பிட்டால் பல்பு விலையைவிடக் கூலி கூடிவிடும்.

மாட்டிய பிறகு சுவிட்சை அணைத்தும் பல்பு மங்கலாக மினுங்குகிறதா, அல்லது சில நொடிக்கு ஒருமுறை பளிச்சிடுகிறதா? காரணம் மூன்றில் ஒன்று. சுவிட்சில் உள்ள இண்டிகேட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் எல்இடியின் கெப்பாசிட்டரை நிரப்புகிறது. இண்டிகேட்டரைக் கழற்றினால் நின்றுவிடும். அல்லது சுவிட்சுக்குப் போகும் நீண்ட ஒயர் இன்னொரு ஃபேஸ் ஒயரோடு ஒட்டிப் போவதால் வரும் கசிவு. விளக்குக்கு இணையாக எக்ஸ்2 ரகக் கெப்பாசிட்டர் ஒன்றை எலக்ட்ரீஷியன் போட்டால் தீரும். மூன்றாவதுதான் ஆபத்து: சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது. அப்படியென்றால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், பல்பு மாற்றுகிறவருக்கு ஷாக் அடிக்கும். மினுக்கலைப் பார்த்தால் இதைத்தான் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள், இருந்தால் அன்றே சரிசெய்யுங்கள்.

7. டியூப் லைட்: அவசரப்படக் கூடாத இடம்

எல்இடி டியூப் பழைய டியூபின் அதே நீளம், அதே பின். அதனால் அப்படியே மாட்டிவிடலாம் என்று தோன்றும். பட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மாட்டாதீர்கள்.

பட்டியில் தனியாகச் சுழற்றிக் கழற்றும் ஸ்டார்ட்டர் இருந்தால் உள்ளே இருப்பது இரும்புச் சோக். ஸ்டார்ட்டர் இல்லை, சுவிட்ச் போட்டதும் உடனே எரிகிறது, எடை குறைவு என்றால் எலக்ட்ரானிக் சோக்.

இரும்புச் சோக் பட்டிக்கென்று விற்கும் எல்இடி டியூபோடு பெரும்பாலும் ஒரு எல்இடி ஸ்டார்ட்டர் வரும். பார்க்க ஸ்டார்ட்டர் போலவே இருந்தாலும் உள்ளே ஒரு ஃபியூஸ் மட்டுமே. பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு இதைப் போட்டு டியூபை மாட்டினால் வேலை முடிந்தது. பிறகு எக்காரணம் கொண்டும் அந்த எல்இடி ஸ்டார்ட்டரோடு பழைய டியூபை மாட்டக் கூடாது. சோக்கை இணைப்பிலிருந்து நீக்கிவிட்டு வீட்டு மின்சாரத்தை டியூபுக்கு நேரடியாகக் கொடுப்பது இன்னும் நல்லது: மிச்சம் இருக்கும் ஓரிரு வாட்ஸ் இழப்பும் போகும், சோக் வயதாகி ரீங்காரமிடுவதும் இருக்காது. அதற்கு, டியூப் நேரடி இணைப்பை ஏற்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும்.

எலக்ட்ரானிக் சோக் என்றால் அதை இணைப்பிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். விதிவிலக்கு, எலக்ட்ரானிக் சோக்கோடு ஓடும் என்று எழுதிய தனி வகை டியூப். அது கூடுதல் விலை, சோக் போனால் விளக்கும் போகும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இப்போது முக்கியமான பொறி. நேரடி இணைப்பு டியூபில் இரண்டு வகை. ஒன்றில் ஃபேஸ் ஒரு முனையிலும் நியூட்ரல் மறு முனையிலும் வரும். இன்னொன்றில் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே முனையில் உள்ள இரண்டு பின்களுக்கு வரும். மறு முனை தாங்குவதற்கு மட்டும். இரண்டாவது வகைக்கு ஒயரிங் செய்யும்போது, சில பட்டிகளின் ஹோல்டரில் இரண்டு தொடர்புகளும் உள்ளுக்குள்ளேயே ஒன்றாக இணைந்திருக்கும். அதில் ஃபேஸையும் நியூட்ரலையும் கொடுத்தால் மெயின் போட்ட நொடியே ஷார்ட். மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்து அந்த இரண்டு தொடர்பையும் தொட்டுப் பாருங்கள். பீப் வந்தால் ஹோல்டரை மாற்றுங்கள். டியூபை மாட்டும்போதும் கரண்ட் வரும் முனை எது என்று அதில் குறித்திருக்கும் பக்கத்தைச் சரியாக வையுங்கள்.

முதல் வகையில் வேறொரு ஆபத்து: ஒரு முனையை மட்டும் ஹோல்டரில் செருகி மறு முனையைக் கையில் பிடித்திருக்கும்போது கரண்ட் இருந்தால், வெளியே தெரியும் பின்னிலும் கரண்ட் வரலாம். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், மெயினையே அணையுங்கள்.

வேலை முடிந்ததும் பட்டிக்குள் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: ‘சோக் நீக்கப்பட்டது, எல்இடி டியூப் மட்டும்’, தேதியோடு. ஐந்து வருடம் கழித்து வேறு யாரோ பழைய டியூபை மாட்டுவதை அந்தச் சீட்டுதான் தடுக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பழைய டியூப் 3,000 லூமென் வரை தரும், 20 வாட்ஸ் எல்இடி டியூப் 2,000 சொச்சம்தான். ஆனாலும் தரையில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். பழையது சுற்றிலும் வீசிப் பாதியைப் பட்டியிலும் சுவரிலும் இழக்கும், எல்இடி முன்னோக்கி மட்டும் வீசும். சீலிங் மட்டும் முன்பைவிட இருட்டாகத் தெரியும்.

பட்டி துருப்பிடித்து ஹோல்டர் தளர்ந்திருந்தால் டியூபை மட்டும் மாற்றி மெனக்கெட வேண்டாம். டிரைவரோடு சேர்ந்து வரும் எல்இடி பட்டியையே வாங்கி மாட்டிவிடுங்கள். டியூப் லைட்டைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் கூடி, பொது வெளிச்சத்துக்கான ஃப்ளோரசன்ட் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த முடிவெடுத்திருக்கின்றன. மாற்று டியூப் கிடைப்பது இனிமேல் கடினமாகிக்கொண்டே போகும்.

8. டிம்மர், 12 வோல்ட், இன்வெர்ட்டர்

டிம்மரோடு மாட்டும் பல்பில் ‘டிம் செய்யலாம்’ என்று எழுதியிருக்க வேண்டும். இல்லாத பல்பு டிம்மரை முழுதாக வைத்திருந்தாலும் துடிக்கும், சூடாகும், போய்விடும். டிம் ஆகும் பல்பே வாங்கினாலும் பழைய டிம்மர் இடக்குப் பண்ணும். குறைந்தது 40 அல்லது 60 வாட்ஸாவது இழுக்கும் பல்புக்காகச் செய்த டிம்மர், 8 வாட்ஸைக் கண்டு ஒழுங்காக இயங்காது. மேல் வரம்பும் மாறும்: குண்டு பல்புக்கு 400 வாட்ஸ் என்று எழுதிய டிம்மரில் எல்இடி 40 வாட்ஸுக்குள் இருக்கட்டும் என்பது பாதுகாப்பான கணக்கு. எல்இடிக்கென்ற டிரெய்லிங் எட்ஜ் டிம்மருக்கு மாறுவது சரியான வழி. டிம்மரைப் பயன்படுத்துவதே இல்லை என்றால் அதை எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்ச் போடுங்கள்.

12 வோல்ட் ஹாலோஜனிலும் இதே கதை. 50 வாட்ஸ் விளக்குக்கான எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர், 6 வாட்ஸ் எல்இடிக்குச் சரியாகத் தொடங்காமல் மினுங்கும். டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 12 வோல்ட் எல்இடி டிரைவர் போடலாம், அல்லது ஹோல்டரையே ஜியு10க்கு மாற்றலாம். எல்இடி ஸ்ட்ரிப் போடுகிறவர்கள் டிரைவரை 80 சதவீதத்துக்குமேல் சுமக்க விடாதீர்கள்: மீட்டருக்கு 9.6 வாட்ஸ், 5 மீட்டர் என்றால் 48 வாட்ஸ், டிரைவர் 60 வாட்ஸ். 5 மீட்டருக்கு மேல் ஒரே முனையிலிருந்து கொடுத்தால் கடைசி மங்கும்.

வீட்டில் சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தால் மலிவான எல்இடி அதில் ரீங்காரமிடும், சூடாகும். வாங்கிய ஒன்றை இன்வெர்ட்டரில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு மற்றதை வாங்குங்கள்.

9. சூடுதான் எதிரி

குண்டு பல்பு சூட்டில் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவே வீசிவிடும். எல்இடி அதைக் கழுத்து வழியாகத்தான் வெளியேற்றும். டிரைவரில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் ஏறக்குறையப் பாதியாகும். முழுக்க மூடிய கண்ணாடிக் கூண்டில் 12 வாட்ஸ் பல்பு ஒரு வருடத்தில் போவதற்கு இதுவே காரணம். மூடிய கூண்டுக்கு ஏற்றது என்று எழுதியதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வாட்ஸைக் குறையுங்கள்: ஒரு 12க்குப் பதில் தனித்தனிக் கூண்டில் இரண்டு 6. தலைகீழாகத் தொங்கும் பல்பில் சூடு மேலேறி நேராக டிரைவருக்குப் போகும், அங்கே இன்னும் கவனம்.

தண்ணீர் தெறிக்கும் குளியலறைக்கு ஐபி44, மழைபடும் வெளிச்சுவருக்கு ஐபி65. தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் இந்த எண் கூண்டுக்கு உரியது. சாதாரணக் கூண்டில் எந்தப் பல்பைப் போட்டாலும் மழைக்குத் தாங்காது.

10. சென்சாரும் ஸ்மார்ட் பல்பும்

மாடிப்படி, வெளிக்கதவு, ஆள் வந்து போகும் நடை இவற்றுக்கு அசைவு சென்சார் நன்று. கழிவறைக்கு ஸ்மார்ட் பல்பு வேண்டாம். அணைத்த நிலையிலும் வைஃபைக்காக அது அரை வாட்ஸ் வரை இழுக்கும். 23 மணி நேரக் கணக்கில் ஆண்டுக்கு 4.2 யூனிட். ஒரு மணி நேரம் எரியும் 9 வாட்ஸ் விளக்கோ ஆண்டுக்கு 3.3 யூனிட்தான் தின்னும்.

11. எடுத்து வைக்க வேண்டிய காகிதங்கள்

கடை ரசீதில் மாடல் எண் எழுதச் சொல்லுங்கள். ‘எல்இடி பல்பு 6’ என்று மட்டும் இருந்தால் வாரண்டிக்குப் போகும்போது செல்லாமல் போகலாம். பெட்டியின் மூடியை வெட்டி ரசீதோடு ஒரு கவரில் வையுங்கள். சூடு பட்டு மை மறையும் ரசீது என்றால் அன்றே படம் எடுங்கள். பல்பின் கழுத்தில் மார்க்கரால் மாட்டிய மாதமும் வருடமும் எழுதினால், போனதும் வாரண்டி உண்டா என்று உடனே தெரியும். உற்பத்திக் கோளாறு உள்ளவை பெரும்பாலும் முதல் சில வாரங்களில் போய்விடும், அதுவரையாவது கவரை விடாதீர்கள்.

வாடகை வீடு என்றால் பல்பை மாற்றக் கேட்க வேண்டியதில்லை. பட்டி, சோக், டிம்மர், ஹோல்டர் மாற்ற உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில், ஒரு குறுஞ்செய்தியாகவாவது வாங்குங்கள். கழற்றியதைப் பெட்டியில் போட்டு வையுங்கள். காலி செய்யும்போது உங்கள் விளக்கை எடுத்துப் போகலாம்.

பில் குறைந்ததா என்று பார்க்க, போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஃபேன், ஏசி, ஹீட்டர் பருவத்துக்குப் பருவம் மாறும். ரூபாயையோ டாலரையோ பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள், கட்டணம் இடையில் ஏறியிருக்கலாம். பில் வருவதற்கு முன் கணக்குப் போட்ட யூனிட்டை ஒரு ஓரத்தில் எழுதி வைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

12. கழற்றிய பழையவை

குண்டு பல்பைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடலாம். சிஎஃப்எல், டியூப் இரண்டிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. இவற்றை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள், அதுவரை புது விளக்கு வந்த அட்டைப் பெட்டியிலேயே நிறுத்தி வையுங்கள். சிஎஃப்எல்லைக் கழற்றும்போது கண்ணாடிச் சுருளைப் பிடித்துத் திருகாதீர்கள், அடிப்பாகத்தைப் பிடியுங்கள்.

உடைந்துவிட்டால் குழந்தைகளையும் செல்லப் பிராணிகளையும் வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, ஃபேனையும் ஏசியையும் அணைத்துப் பத்து நிமிடம் அறையை விட்டு விலகியிருங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் வேண்டாம், பாதரசத் தூளைப் பரப்பிவிடும். கையுறை போட்டு, கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, மீதியை ஒட்டும் டேப்பால் எடுத்து, ஈரப் பேப்பரால் துடைத்து, எல்லாவற்றையும் மூடி உள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு மின்கழிவோடு சேருங்கள். ஜன்னல் இன்னும் சில மணி நேரம் திறந்தே இருக்கட்டும்.